வெறும் வயிறு

பங்காருபாளையம் தாண்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே மூடிக் கிடந்த மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் எங்கள் வண்டி நின்றபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வண்டிக் கதவைத் திறந்ததும் நாற்றம் மூஞ்சியில் அறைந்தது. அழுகின மாம்பழ நாற்றம் சித்தூர்க்காரிக்குப் புதிதில்லை. இது அது இல்லை. இனிப்புக்கு அடியில் வேறொன்று இருந்தது. பல நாள் வாய் கொப்பளிக்காத யாரோ என் முகத்துக்கு நேரே மூச்சு விட்டதைப் போல இருந்தது. தூ! இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது.

என் பெயர் கிருபாபாய். எங்கள் சர்ச்சில் என்னைப் பற்றி நல்லதாகப் பேசுகிறவர்கள் குறைவு. காரணம் என் தொழில். ஆட்கள் பயந்து விட்டுப்போன கிணறு, ரைஸ் மில், பூட்டிய பங்களா, இங்கெல்லாம் நுழைந்து, உள்ளே குடியிருப்பதைக் கிளப்பி மண்ணில் புதைத்துவிட்டு வருகிற கூட்டம் நாங்கள். தலைவி கன்னியம்மாள், வரதய்யபாளையத்துக்காரி, எதற்கும் கண் சிமிட்டாதவள். இரண்டாவது வெங்கடசாமி. புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர். இந்த வேலையில் யாராவது விழாமல் இருந்ததில்லை, அதனால் அவர் இல்லாமல் நாங்கள் போவதில்லை. மூன்றாவது நான். அது எந்த மூலையில் இருக்கிறது என்று மோந்து சொல்வது என் வேலை. கேவலமான வேலைதான். ஆனால் என் மூக்கு பொய் சொன்னதில்லை.

அன்று புதிதாக ஒருவன் வந்திருந்தான். பென்னி. என் மகள் அபிகாயிலைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். தாய் தகப்பன் இல்லாமல் எங்கள் சர்ச் ஹாஸ்டலில் வளர்ந்து, திருப்பதியில் செல்போன் கடையில் வேலை பார்க்கிற பிள்ளை. சர்ச்சில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்தாகிவிட்டது. "நானும் வரேன் அத்த, ஒரே ஒரு வாட்டி" என்று உயிரை வாங்கினான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அபிகாயில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர எப்படிக் கூட்டிக்கினு போறியோ அப்படியே கூட்டிக்கினு வந்துடும்மா."

"உன் ஆளு பீங்கான் பொம்மையா? கொண்டாந்து சேக்கறேன் போடி" என்றேன்.

ஃபேக்டரி முற்றத்தில் முதல் வேலை சாப்பாடு. இது எங்கள் வழக்கம். கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் வண்டியிலேயே வரும். ஒரு பங்கை ஷெட்டுக்கு வெளியே தோண்டிய குழியில் பானையோடு வைப்போம். மற்றதை நாங்கள் தின்ன வேண்டும், அதுவும் கழுத்து வரைக்கும்.

"பசியில செத்ததுதான் இப்படி சுத்திக்கினு இருக்கும், நைனா" என்று பென்னிக்குச் சொன்னாள் கன்னியம்மாள். "வெறும் வயித்தப் பாத்தா அது வீடுன்னு நெனச்சிக்கும். நம்ம வயிறெல்லாம் ரொம்பியிருந்தா அதுக்கு வேற போக்கு இல்ல. குழியில இருக்கிற பானைக்குத்தான் வரும். வந்ததும் சுண்ணாம்பு போட்டு மூடிடுவோம். அவ்வளவுதான்."

"பேய்க்கு சோறு போட்டு அனுப்பறீங்களா?" சிரித்தான் பென்னி. "நம்மகிட்ட ஆண்டவர் குடுத்த அதிகாரம் இருக்குது அத்த. ஒரு சொல்லுக்கு ஓடிடும்."

"மொதல்ல துன்னு. அப்புறம் அதிகாரம் பண்ணு" என்றேன்.

அந்த நாற்றத்தில் சாப்பிடுவது இருக்கிறதே, ஆண்டவரே! களி உருண்டை தொண்டையில் இறங்கினால் நாற்றம் எதிரே ஏறி வரும். ஈக்கள் குழம்பில் விழுந்து நீந்தின. அவற்றை விரலால் தள்ளிவிட்டு விழுங்கினேன். பென்னி தட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். வெட்கப்படுகிறான் என்று நினைத்தோம். திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்தது.

ஷெட்டுக்குள் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. கூரைத் தகடுகளின் ஓட்டை வழியாக வெயில் விழுந்தது. தரையில் காய்ந்த கூழ் செருப்பைப் பிடித்துப் பிடித்து விட்டது. நான் முன்னால் மோந்துகொண்டே போனேன். மிஷின்களில் இல்லை. டப்பா அடுக்கிய இடத்தில் இல்லை. கடைசியில், தோலும் கொட்டையும் கொட்டுகிற தொட்டிக்கு எதிரே என் கால் நின்றுவிட்டது.

கையால் காட்டினேன்.

தொட்டி நிறையக் கறுப்பாக ஆடை கட்டியிருந்தது. ஆடைக்கு மேல் புழு. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வெள்ளை வெள்ளையாக நெளிந்தது. அதுகூடப் பரவாயில்லை. அந்த ஆடை மெல்ல உப்பியது. மெல்ல அமுங்கியது. மறுபடி உப்பியது.

மூச்சு விட்டது.

"யாரும் பேசாதீங்க" என்று கிசுகிசுத்தாள் கன்னியம்மாள். "அப்படியே பின்னால நடங்க. தானா வரும்."

நாங்கள் பின்னால் நடந்தோம். பென்னி முன்னால் நடந்தான்.

"டேய், தம்பி!" என்றார் வெங்கடசாமி.

அவன் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று, கையை உயர்த்திக் கத்தினான். "நான் நேத்துலருந்து உபவாசம்! ஒரு வாய்கூடத் துன்னல! இங்கயிருந்து போயிடு!"

வண்டிக்குப் பின்னால் அவன் தட்டை எந்த நாய்க்கு வைத்தானோ! உபவாசமிருந்து ஜெபித்தால் ஓடாத பேய் எதுவுமில்லை என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்தது நாங்கள்தான், எங்கள் சர்ச்தான். அதை நம்பித்தான் நின்றான் பாவி.

ஈக்களின் சத்தம் நின்றது.

புழுக்கள் நெளிவதை நிறுத்தின.

பிறகு நாற்றம் நின்றது. கொஞ்சம்கூட இல்லை. துவைத்த துணியைப் போலக் காற்று சுத்தமாக இருந்தது. என் ஆயுசில் அதைவிடப் பயந்ததில்லை.

பென்னி திரும்பினான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அத்த" என்றான் மெதுவாக. "பசிக்குது."

எங்களைத் தாண்டி ஷெட்டுக்கு வெளியே ஓடினான். குழியில் இறங்கி, பானைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு அள்ளினான். களியோடு மண்ணும் போனது. கோழி எலும்பை நறநறவென்று மென்றான். ஓரத்தில் கொட்டி வைத்திருந்த சுண்ணாம்பையும் நக்கினான். நாக்கு வெந்து தோல் உரிந்து தொங்கியது. அந்தத் தோலையும் கடித்து விழுங்கினான். சீ! நான் அங்கேயே வாந்தியெடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவன் என் வாந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெங்கடசாமி அவனை மல்லாக்கப் படுக்க வைத்து வயிற்றில் கை வைத்து அமுக்கினார். வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார். எத்தனையோ முறிவைப் பார்த்த மனுஷன் அவர், விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் எலும்பு தடவிப் பாக்கற மாதிரி, உள்ளயிருந்து அது என் வெரலத் தடவிப் பாக்குது" என்றார்.

சித்தூரில் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் அவனை வைத்தோம். வேறு யார் வைத்துக்கொள்வார்கள்? பானை பானையாகச் சமைத்து அவன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள் கன்னியம்மாள். பானை காலியானதே தவிர, அது வெளியே வரவில்லை. இடையிடையே பென்னி பென்னியாகவே அழுதான். "அத்த, என்ன உட்டுறாதீங்க, அது உள்ள என்னியே துன்னுது" என்பான். மறு நிமிஷம் பாயைப் பிய்த்து மென்றுகொண்டிருப்பான். எனக்கு அருவருப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"ஆள் ருசி கண்டுடுச்சி. பானைக்கு இனிமே வராது" என்று வாசலில் வைத்துச் சொன்னாள் கன்னியம்மாள். உள்ளே அபிகாயில் இருந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வேற ஒரு வெறும் வயிறு பக்கத்துல கெடச்சா தாவிடும். அதுக்கு யாரு வருவாங்க கிருபா?"

"யாரும் வர வேணாம்" என்றேன்.

கல்யாணம் நடக்காது என்று அபிகாயிலிடம் சொன்னேன். பின்னறைப் பக்கம் போனால் காலை உடைப்பேன் என்றேன். அவள் சண்டை போடவில்லை. அழவும் இல்லை. தட்டுப் போட்டால், "துன்னுட்டேம்மா, நீ துன்னு" என்பாள். அந்த வீட்டில் சோற்றைப் பார்த்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டிருந்தது, ஒருவர் தின்றாரா இல்லையா என்று எங்கே பார்த்தேன்!

ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். வாசல்படியில் பென்னி உட்கார்ந்திருந்தான். குளித்து, தலை வாரி, மூஞ்சி தெளிந்து, நிலா மாதிரி இருந்தான்.

"அத்த, பசியே இல்ல. லேசா இருக்குது" என்றான் நாக்குக் குழற. "அபி என் தலமாட்டுல உக்காந்து ஜெபம் பண்ணிக்கினே இருந்தா. அப்படியே தூங்கிட்டேன். எழுந்து பாத்தா எல்லாம் சரியாப் போச்சி. எங்க அவ?"

பை என் கையிலிருந்து விழுந்தது.

சமையல்கட்டில் சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்டது.

மாட்டுக்காரி வந்து எடுத்துப் போவதற்காக வைத்திருந்த கழுநீர் வாளிக்கு முன்னால் அபிகாயில் மண்டியிட்டிருந்தாள். பழைய சோறு, காய்த்தோல், மீன் செதில், எல்லாம் ஊறிப் புளித்து நுரைத்த வாளி. இரண்டு கையாலும் அள்ளி அள்ளி விழுங்கினாள். தாடையில் நுரை வழிந்தது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். மெல்லுவதை நிறுத்தவில்லை. கண்ணில் மட்டும் என் பிள்ளை இருந்தாள்.

"அவரு நல்லாயிட்டாரு இல்லம்மா?" என்றாள்.

கன்னியம்மாளுக்கும் வெங்கடசாமிக்கும் ஆள் அனுப்பினேன். வந்தார்கள். "எனக்குள்ள வந்ததும் தாமதம் பண்ணாதீங்க. பானைக்குப் பதிலா நான்தான். குழியைத் தோண்டி வெச்சிடுங்க" என்றேன். கன்னியம்மாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடவில்லை. வயிறு ஒட்டிப் போய்விட்டது. கதவைத் தாழிட்டு, என் மகளின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் மூச்சு நாறுகிறது. பெற்றவள் முகத்தைத் திருப்பக் கூடாது. நான் திருப்பவில்லை.

"வா" என்கிறேன். "காலியா இருக்குது. வா."

அபிகாயில் என்னை உற்றுப் பார்க்கிறாள். பிறகு இரண்டு உதட்டையும் இறுக்கி மூடிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறாள்.

தொண்டை மட்டும் உள்ளேயிருந்து உப்புகிறது. அமுங்குகிறது. மறுபடி உப்புகிறது.