கீழ்த்துறைக்கு ஒரு குரல்

ஆனிச் சாரலில் நனைந்தபடி முப்பிடாதி தென்காசி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். சிற்றாற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் அவளுடைய அக்கா பேராச்சி துணி வெளுத்துவந்தாள். போன வருஷம், ஐம்பத்தாறில், வெள்ளம் அவளைக் கொண்டுபோய்விட்டது. அவள் துணி வெளுத்த கீழ்த்துறை இனி முப்பிடாதிக்கு.

குற்றாலத்து மலையில் மழை கொட்டினால் ஆறு சொல்லாமல் கொள்ளாமல் பெருகும். மேல்துறையில் நிற்பவர்கள் அதைக் கண்டதும் அடுத்த துறைக்குக் குரல் கொடுப்பார்கள். அவர்கள் அதற்கடுத்த துறைக்கு. அப்படியே கடைசித் துறைவரை போகும். பேராச்சி போன அன்று அந்தக் குரல் நடுத்துறையோடு நின்றது. அங்கே குளித்துக்கொண்டிருந்தவள் பண்ணையார் ஆவுடைநாயகத்தின் மனைவி செண்பகவல்லி. கீழ்த்துறைக்காரியைத் தன் வாயால் கூப்பிடுவது அந்த வீட்டுப் பெண்களுக்கு வழக்கமில்லை, வேலையாள்தான் கூப்பிடுவான். அதனால் அவள் கரையேறி, ஈரச்சேலையோடு, வேலையாள் வேல்சாமியைத் தேடி வீட்டுக்குப் போனாள்.

அவன் ஓடி வந்தபோது கீழ்த்துறையே இல்லை.

ஊருக்கே இது தெரியும். தப்பு என்று ஒரு வாய் சொல்லவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் முப்பிடாதி அழுக்குத்துணி எடுக்கப் பண்ணையார் வீட்டுக் கொல்லைக்குப் போனாள். காற்றில் துணி வெளுக்கும் உவர்மண் வாடை. ஆற்றுப் பக்கமிருந்து, கல்லில் ஈரத்துணி அடிக்கும் சத்தம்.

தொப்.

தொப்.

இப்போதுதான் அவள் கீழ்த்துறையைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அங்கே யாருமில்லை.

செண்பகவல்லி கதவோரம் வந்து நின்றாள். எலும்பும் தோலுமாகியிருந்தாள்.

“ஒனக்கும் கேக்குதா, ஏட்டி?”

தினமும் அந்தியில் தொடங்கிவிடுகிறது என்று அவள் கிசுகிசுத்தாள். படையல் போடுவதாகச் சொன்னாள். பட்டுச்சேலை வைப்பதாகச் சொன்னாள்.

“சேலையெல்லாம் வேண்டாம், ஆச்சி. எங்கக்கா இன்னும் அந்தக் குரலுக்குத்தான் காத்துக் கெடக்கா. துறையில வந்து நின்னு, ஒங்க வாயால ஒருக்கா கூப்பிட்டுருங்க.”

சத்தம் நின்றது. யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல.

செண்பகவல்லி ஒரு காலை வாசற்படிக்கு வெளியே வைத்தாள்.

அந்தக் கால் உள்ளே போய்விட்டது.

“ஏலே வேல்சாமி, நீ போயி அவளுக்கு ஒரு சத்தம் குடுத்துட்டு வா.”

தொழுவத்தருகே நின்ற வேல்சாமி அசையவில்லை. “மறுபடியும் என்னையவா, ஆச்சி?”

முப்பிடாதி வாசற்படியை நெருங்கினாள். “செத்தவளக் கூப்பிடவும் ஆள் அனுப்புதிய.”

வைவதற்காகச் செண்பகவல்லி வாயைத் திறந்தாள்.

பேச்சு வரவில்லை.

உதட்டோரம் ஈரமணல் வழிந்தது. அவள் தொண்டையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து தண்ணீரின் இரைச்சல் கேட்டது. முதலில் எங்கோ தொலைவில். பிறகு பாறைகளை உருட்டிக்கொண்டு.

வேல்சாமி பதறிப்போய் ஆற்றைத் திரும்பிப் பார்த்தான். கணுக்கால் தண்ணீரோடு ஆறு அமைதியாகக் கிடந்தது.

இரைச்சல் அவள் வாயிலிருந்து நெருங்கி வந்துகொண்டிருந்தது.