தாயே என்று கூப்பிட்டாள்

மூத்த மகள் விஜயாவை 'கழுதை' என்று திட்டித் திட்டியே வளர்த்த பூங்காவனம், அன்று சாயங்காலம் அவளைத் 'தாயே' என்று கூப்பிட்டாள்.

அடுப்படியில் நின்ற சின்னவள் கோகிலாவுக்கு, வீட்டுக்கு யாரோ வந்திருப்பதாகத்தான் முதலில் தோன்றியது. எட்டிப் பார்த்தாள். பாயில் அக்கா மட்டும்தான். குடல்வால் ஆபரேஷன் முடிந்து போன வாரம் வீடு திரும்பியவள். சட்டை விலகிய வயிற்றில், தையலை ஒட்டி, பயறு பயறாக நீர்கோத்த கொப்புளங்கள்.

"அம்மை போட்டிருக்குடி. ஆத்தா எறங்கியிருக்கா."

"அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தையல்கிட்ட கொப்புளம் வந்தா ஒடனே தூக்கிட்டு வாங்கன்னு ஆஸ்பத்திரி நர்ஸு மிஸ்ஸி படிச்சுப் படிச்சு சொன்னாங்கல்ல? புண்ணுல ஏதோ கிருமி ஏறிடுச்சும்மா!"

"வாயக் கழுவுடி! ஆத்தா காதுல விழப்போவுது."

வாசலில் வேப்பிலை ஏறியது. ஜன்னல்கள் சாத்தப்பட்டன. தாளிப்பு நின்றது. மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் ஆகஸ்ட் மாதப் புழுக்கமும் கலந்து தகரக் கூரையின் கீழ் தேங்கிக் கிடந்த அந்த வாடைக்கு அடியில், ஈரச் சாக்குக்குள் எதையோ போட்டு மறந்துவிட்டது போல இன்னொரு வாடை மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்தது.

"எரியுதும்மா... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போம்மா!" விஜயா அலறினாள்.

அம்மா கைகூப்பினாள். "கோவப்படாத தாயே. எங்கள சோதிக்காத."

கோகிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா இனி என்ன கத்தினாலும் அது அக்காவின் குரல் இல்லை. ஆத்தாவின் உக்கிரம்.

ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ரிக்‌ஷா பிடிக்க வாசலுக்கு ஓடினாள். பூட்டு. சாவி அம்மாவின் இடுப்பில்.

"ஆத்தா இருக்கற வீட்டுல யாரும் படி தாண்டக் கூடாது."

"அவ செத்துருவாம்மா! ஒனக்கு கண்ணு அவிஞ்சா போச்சு?"

ஜன்னல் பலகையைக் குத்திக் கத்தினாள். காஜா பெராங் ரோட்டில் கொடி கட்டிய லாரி ஒன்று போனது. 'மெர்டேக்கா! மெர்டேக்கா!' பையன்களின் கூச்சலில் அவள் குரல் மூழ்கிப் போனது. நாட்டுக்கே விடுதலை வரப்போகிறதாம். இந்தக் கதவு மட்டும் திறக்காது.

மறுநாள் முழுக்க அம்மா கோகிலாவை அக்காவுக்கு வேப்பிலையால் விசிறச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு விசிறினாள். மத்தியானத்தோடு அக்காவின் முனகல் நின்றது. இலையின் சலசலப்பு மட்டும்.

விளக்கு வைக்கிற நேரம். கோகிலாவின் வயிற்றில் நமைச்சல்.

சட்டையைத் தூக்கினாள்.

கத்தியே படாத வயிறு. அதில் சாய்வாக ஒரு கோடு. கோட்டின் இருபுறமும் ஜோடி ஜோடியாகக் கொப்புளங்கள். தையல் போல.

"அம்மா! டாக்டர்கிட்ட போலாம்மா!"

பூங்காவனம் திரும்பினாள். பார்த்தாள். கை கூப்பினாள்.

"நீயும் வந்துட்டியா... தாயே."

"நான் கோகிலாம்மா! என்னக் கழுதன்னு சொல்லும்மா! ஒரு தடவ திட்டும்மா!"

"ரொம்பக் கோவமா இருக்கா," என்றாள் அம்மா பயபக்தியோடு. மஞ்சள் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

பின்னால் பாய் சரசரத்தது.

அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். இமை ஒட்டிய கண்கள். தங்கையின் பக்கமாக முகம். கொப்புளம் உடைந்து நீர் வழிகிற இரண்டு கைகளும் மெதுவாக மேலே எழுந்தன.

கும்பிட்டன.