நீதிமன்றக் கதவில் ஆரஞ்சுப் பூ வாசம்

நியூ ஆர்லியன்ஸில் சவப்பெட்டி செய்யும் செவெரினின் பட்டறைக்கு, நாவிதன் வால்சன் நிறைமாதமாயிருந்த மெலீத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"மறுபடியும் கிழிச்சுட்டானுங்க அண்ணே!" என்று அழுதவன், தோளில் கிடந்த துண்டால் அவள் முகத்தைத் துடைத்தான். பட்டறையெங்கும் ஆரஞ்சுப் பூ வாசம். எங்கள் தெருவில் துண்டை வாசனைத் தண்ணீரில் வேக வைப்பவன் அவன் ஒருவன்தான். கடைப் பெருமை!

கறுப்பினத்தவரில் சுதந்திரமானவன் வால்சன். அடிமையான மெலீத்தை அவளுடைய எஜமானியிடம் விலைக்கு வாங்கி, பெண்டாட்டி மாதிரி வைத்துக் குடித்தனம் நடத்தி வருடங்களாயிற்று. விடுதலை செய்யப்போவதாக மாதா கோவிலில் சொல்லி நல்ல பெயரும் வாங்கிவிட்டான். ஆனால் சட்டப்படி விடுதலை அறிவிப்பை எழுதி ஒட்டி, அது நீதிமன்றக் கதவில் நாற்பது நாள் இருக்க வேண்டும். காணாமல் போனால் முதலிலிருந்து.

"பழைய எஜமானி வேலைதான்," என்றாள் கிளெமான்ஸ். காப்பி விற்பவள், செவெரின் துப்பறியக் கிளம்பினால் கூடையைப் போட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஓடுவாள். "இவ விடுதலையாகறதுக்குள்ள பொறந்தா புள்ளையும் அடிமைதானே!"

"வித்துட்டவளுக்கு அதுல என்ன லாபம்?" என்றார் செவெரின்.

இருவரும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கதவில் கிழிபட்ட பழைய அறிவிப்புகளின் மூலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மெலீத்தின் அறிவிப்பு இருந்த இடத்தில் ஒரு துணுக்குகூட இல்லை. செவெரின் அங்கே மூக்கை வைத்தார்.

"கதவுக்கு முத்தமா அண்ணே?" என்றாள் கிளெமான்ஸ்.

அவர் நேராக வால்சன் கடைக்கு நடந்தார், அவளும் பின்னாலேயே. மெலீத் தரை பெருக்கிக்கொண்டிருந்தாள். சவரத்துக்கு உட்கார்ந்தவர், சூடான துண்டு ஒன்றை வாங்கிச் சுவரில் ஒட்டியிருந்த படத்தின்மேல் அழுத்தினார். படம் முழுசாக உரிந்து கையோடு வந்தது.

"யாரும் கிழிக்கலப்பா. கோவத்துல கிழிச்சா மூலை நிக்கும். இது ஒத்தடம் குடுத்து உரிச்சது. கதவு இன்னும் மணக்குது."

வால்சன் கத்தி தீட்டுவதை நிறுத்தினான். செவெரின் கழுத்தை நீட்டியபடியே பேசினார். "அடிமைக்குச் சட்டப்படி கல்யாணம் கெடையாது. விடுதலையானா இவ உன்ன விட்டுப் போயிடலாம். அதுக்குள்ள புள்ள பொறந்துட்டா அது உன் சொத்து. அத விட்டுட்டு எங்க போவா?"

"பாசத்துலதான் அண்ணே..."

"தூ!" கிளெமான்ஸ் தரையிலேயே துப்பினாள். "பாசமாம்! உன் துண்டு பட்ட மூஞ்சியக் கழுவணும்டா!"

மெலீத் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வெளியேறினாள்.

அறிவிப்பை மறுபடி ஒட்ட வைத்து, தெருவே முறைபோட்டுக் காவல் இருந்தது. பிள்ளை அத்தனை நாள் பொறுக்கவில்லை.

கிளெமான்ஸ் வீட்டில்தான் பிரசவம். பார்க்கப் போனவர்களில் ஒருத்தி வாய் சும்மா இருக்காமல், "மூக்கு, நெத்தி எல்லாம் அப்படியே அப்பன்!" என்றாள்.

மெலீத் நிமிரவில்லை.

"அப்பன் இல்லக்கா," என்றாள். "எஜமான்."