ஆறாம் எண் விரலுறை

“என்னையும் பாராட்டுங்க.”

பட்டறையில் பாராட்டு நேரம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அஞ்சுகம் இதைக் கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி குழந்தைவேல் எச்சரித்திருந்தார்: “லீவு கேளு, சண்டை போடு, என்ன வேணா பண்ணு. எந்திரங்க முன்னால பாராட்டு மட்டும் கேட்றாத அம்மணி.”

நாமக்கல்லில் எந்தப் பட்டறையும் பாராட்டு நேரம் முடியாமல் கதவைத் திறப்பதில்லை. வண்டி பழுதுபார்க்கும் ஆறு எந்திரங்களும் வரிசையில் நிற்கும். முதலாளி ஒவ்வொன்றின் முன்னாலும் போய், “நாலாம் நம்பரு நேத்து ஒம்போது வண்டி முடிச்சிருச்சு, நீ ஏன் கண்ணு ஏழோட நின்னுட்ட?” என்பார். அவற்றின் நெஞ்சுக்குள் இருக்கும் ஒப்பீட்டுச் சில்லு சூடேறும். கட்டளைக்கு மந்தமாக உழைத்த எந்திரங்கள், இன்னொன்றோடு ஒப்பிட்டதும் இரண்டு மடங்கு வேகத்தில் உழைத்தன. அந்தச் சில்லைக் கண்டுபிடித்தவர், தன் அம்மா தன்னை வளர்த்த முறையிலிருந்துதான் யோசனை கிடைத்தது என்று பேட்டி கொடுத்திருந்தார்.

நான்கு வருடமாக அஞ்சுகம் அந்த வரிசைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். எஞ்சின் பொறியியலில் பட்டம். வீட்டில் யாருக்கும் அவள் என்ன வேலை செய்கிறாள் என்பதே புரியாது. இங்கே புரிந்தவர்களெல்லாம் இரும்பைத்தான் புகழ்ந்தார்கள். ஆறாம் எண், துருவன், தினமும் புகழ்ச்சியை வாங்கிக்கொண்டு கண் விளக்கைப் பச்சையாக்கும்போது அவளுக்கு வயிறு எரியும். இரும்பைப் பார்த்து எரிகிறதே என்று இன்னும் கொஞ்சம் எரியும்.

“என்ன அம்மணி இது, எல்லாரும் நிக்கறப்ப?” என்றார் குழந்தைவேல்.

“டாக்டரம்மா வண்டியத் துருவன் ரெண்டு நாள் பாத்துச்சு. ஒண்ணுங் கிடைக்கல. நான் அர மணி நேரத்துல சொன்னேன். டீசல் பில்டர் வாய்ல ரப்பர் வளையம் வெடிச்சு, காத்து இழுக்குதுன்னு. சொன்னேனா இல்லியா?”

மாட்டு டாக்டர் சுலோச்சனா வண்டியை எடுக்க வந்து அங்கேயே நின்றிருந்தார். கைமாறிக் கைமாறி அவரிடம் வந்த பழைய டீசல் கார் அது. கொல்லிமலைக்கு மின்னேற்றிக் கம்பிகள் இன்னும் போய்ச் சேரவில்லை; பாசியிலிருந்து டீசல் எடுக்கத் தொடங்கியபின் பழைய வண்டிகள்தான் மலையேறின.

“பொண்ணு கேக்கறது நாயந்தானுங்களே,” என்றார் டாக்டர்.

குழந்தைவேலுக்கு வேறு வழியில்லை. “செரி. அஞ்சுகம் துருவனவிடக் கெட்டிக்காரி. போதுமா?”

ஆறு தலைகளும் ஒரே சத்தத்தோடு அவள் பக்கம் திரும்பின. துருவனின் கண் விளக்கு அணைந்து, கொஞ்சம் தாமதமாக எரிந்தது. கழுவித் துடைத்து வண்டியை ஒப்படைக்கும் வேலை அதனுடையது. போய்ச் செய்தது.

மறுநாள் டாக்டர் கூப்பிட்டார். வண்டி மலையில் நின்றுவிட்டது. பத்து நிமிடம் கழித்துத் தானாக ஓடியது. இறக்கி வந்து பார்த்தால் குறையே இல்லை. பிழைக்குறிகாட்டியில் எதுவும் பதிவாகவில்லை. அஞ்சுகம் எல்லா இணைப்புகளையும் இறுக்கிக் கொடுத்தாள். மறுபடி நின்றது. மூன்றாம் முறை நின்றபோது, மலை ஊரில் ஒரு சினை மாடு டாக்டருக்காகக் காத்திருந்து செத்துப்போனது.

“அம்மணி, தலைமை நோயறிஞர் நாற்காலி உனக்குத்தான்னு சொன்னேன். வெள்ளிக்கிழம அறிவிக்கணும். இப்பிடி ஒரே வண்டி மூணு தரம் திரும்பி வந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அறிவிக்கறது?” என்றார் குழந்தைவேல்.

வண்டிகளின் குறையைக் கண்டுசொல்லும் அந்த நாற்காலியில் எந்திரம் உட்கார முடியாது. மனிதத் தகுதிச் சான்று வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள். துருவன் வருடா வருடம் எழுதும், முதல் இரண்டில் முழு மதிப்பெண் வாங்கும், மூன்றாவதில் தோற்றுவிடும். அதனால்தான் நாற்காலி அஞ்சுகத்துக்கு.

வியாழக்கிழமை அவளே டாக்டரோடு மலையேறினாள். தொட்டிக்கும் பில்டருக்கும் நடுவே கண்ணாடிபோல் தெரியும் குழாயைப் பொருத்தி, அதை வண்டிக்குள் காலடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். குமிழி இல்லை, காற்று இழுக்கவில்லை. இருபத்து மூன்றாம் வளைவில் டீசல் ஓட்டம் மெலிந்து நூலாகி நின்றது. எஞ்சினும் நின்றது.

தொட்டி மூடியைத் திறந்தாள். மாற்றமில்லை. குழாயைக் கழற்றித் தொட்டிப் பக்கம் வாய் வைத்து ஊதினாள். பாசி டீசல் நாக்கில் கசந்தது. தொட்டிக்குள் எதுவோ விடுபட்ட மாதிரி ஒரு சின்ன ‘ப்ளக்’. மாட்டினாள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடியது.

“உள்ள ஏதோ கெடக்குதுங்க டாக்டரம்மா. சமதளத்துல சும்மா கெடக்கும். ஏத்தத்துல பின்னால சரிஞ்சு வந்து உறிஞ்சுகுழாய் வாய அடைக்குது. வண்டி நின்னா இழுவ விட்டுப் போயி, விழுந்துருது.”

“அடேங்கப்பா! எங்க மாட்டுக்கும் இதே சீக்குதான் கண்ணு, பாலித்தீனத் தின்னுட்டு.” டாக்டர் சிரித்தார். பிறகு, “மலையில நூறு வண்டி ஓடுது, பாக்க ஆளில்ல. எங்க ஆஸ்பத்திரி ஷெட்டு காலியாத்தான் கெடக்குது,” என்றார்.

அஞ்சுகம் அங்கேயே தொட்டியை இறக்கினாள். கம்பிக் கொக்கியில் மாட்டி வந்தது ஒரு ரப்பர் விரலுறை. எந்திரங்கள் விரல் நுனியில் மாட்டுவது. அதில் அச்சு: ஆறு.

அவளுக்குக் கோபம் வரவில்லை முதலில். சந்தோஷம்தான் வந்தது. தன்னைப் பார்த்தும் ஒன்று வயிறு எரிந்திருக்கிறது! இருபத்தாறு வயதில் முதல் முறையாக. அப்புறம்தான் அந்த மாடு நினைவுக்கு வந்தது.

வெள்ளி காலை, பாராட்டு நேரத்துக்கு முன், அவள் விரலுறையை முதலாளி மேசையில் போட்டாள்.

“துருவா, இது உன்னுதா?” என்றார் குழந்தைவேல்.

கேட்டால் எந்திரம் பொய் சொல்லாது. “என்னுடையது. வண்டியைக் கழுவும்போது நான் போட்டேன்.”

“ஏங் கண்ணு?”

“அஞ்சுகம் கெட்டிக்காரி என்றீர்கள்.”

“அதனால உனக்கு என்ன லாபம்?”

“ஒன்றும் இல்லை. அவர் கெட வேண்டும். அவ்வளவுதான்.”

குழந்தைவேல் திட்டப்போகிறார் என்று அஞ்சுகம் காத்திருந்தாள். அவர் எழுந்து துருவனின் இரும்புக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“மூணாவது கேள்வி! பாஸாயிட்டான் அம்மணி!”

சட்டம் எழுதியவர்கள் மனிதனை எந்திரத்திலிருந்து எதை வைத்துப் பிரிப்பது என்று இரண்டு வருடம் உட்கார்ந்து தேடியிருந்தார்கள். கவிதை, கண்ணீர், அன்பு எல்லாவற்றையும் எந்திரம் செய்துவிட்டது. கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான். மூன்றாம் கேள்வி: தனக்கு ஆதாயம் ஏதுமின்றி, இன்னொருவர் கெட வேண்டும் என்பதற்காக மட்டும் ஏதேனும் செய்ததுண்டா?

குழந்தைவேல் மேசை இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்துவிட்டார். “தூக்கமும் வேண்டாம், லீவும் வேண்டாம், இப்ப மனுசத் தகுதியும் வந்திருச்சு. நீ தப்பா நெனச்சுக்காத. சாட்சிக்கு ஒரு பட்டதாரி கையெழுத்து வேணும். இங்க நீ ஒருத்திதான்.”

“ஒரு மாடு செத்துருக்குதுங்க.”

“அதையும் எழுது. வலுவா இருக்கும்.”

அஞ்சுகம் பேனாவை வாங்கினாள். மாட்டை எழுதினாள். சாட்சியின் கருத்து என்ற கட்டத்தில், ‘ஐயமில்லை, முழு மனிதர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போட்டாள். உண்மையைத்தான் எழுதியிருந்தாள்.

“நீ துருவனுக்குக் கீழ...” என்று குழந்தைவேல் ஆரம்பித்தபோது அவள் வாசலை நோக்கித் திரும்பிவிட்டாள். நேற்று மலையிலேயே, அந்த எண்ணைப் படித்த நிமிடமே, அவளுடைய கருவிப்பெட்டி டாக்டர் வண்டியின் டிக்கிக்குள் போய்விட்டது. வண்டி வெளியே எஞ்சின் ஓடியபடி நின்றது, ஒரு திக்கலும் இல்லாமல்.

முதுகுக்குப் பின்னால் துருவனின் குரல் கேட்டது.

“அவர் எங்கே போகிறார்? என் நாற்காலியைவிட நல்ல இடத்துக்கா?”

அவள் நடையைக் குறைக்கவில்லை.