ஜில்லுவின் மீசையில் தயிர்

காலைத் தேநீர் ஆறுவதற்குள் ஆயிஷா உம்மாவின் வீட்டில் அலறல் கேட்டது. அவருடைய மகள் நஸ்லின் வளர்க்கும் தடித்த வெள்ளைப் பூனை ஜில்லு, சமையல் குசினி வாசலில் கால்கள் பின்னி விழுந்து, எச்சில் ஒழுக நடுங்கிக் கிடந்தது.

"ராவு அதுக்கு வெச்ச மீனத்தானே நாங்களும் திண்டோம்?" நஸ்லின் தன் ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் கணவன் பர்ஸானின் கண் அலமாரியிலிருந்த குளிசைப் போத்தலுக்குப் போனது. பூனை இளைக்க வேண்டுமென்று டொக்டர் கொடுத்த குளிசையைத் தினமும் ஊட்டுபவன் அவன்தான். கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பூனை மயிருக்குத் தும்முபவனும் அவன்தான்.

"இவர்தான் என்னமோ குடுத்திருக்கார்," என்றார் ஆயிஷா உம்மா. கை நடுங்கியது. தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றும் நெற்றி வியர்த்திருந்தது. "இனி இவர் ஆக்கிற சோத்த நாங்க எப்பிடி நம்புற?"

"மாமி, அல்லாஹ்வுக்காக..." பர்ஸான் இரு கைகளையும் விரித்தான். நஸ்லின் அவனை விட்டு ஓரடி தள்ளி நின்றாள். அதைக் கண்டபோதுதான் அவனுக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

மிருக வைத்தியர் ஜெனூபா பக்கத்துத் தெருவிலிருந்து ஓடி வந்தார். பூனையின் காதில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து, மிருகங்களுக்கான கருவியில் வைத்துப் பார்த்தார்.

"இரத்தத்தில சீனி நல்லா இறங்கிட்டு." மருந்தை ஏற்றிக்கொண்டே கேட்டார். "குளிசைப் போத்தல் எங்க?"

பர்ஸான் நீட்டினான். அவர் ஒன்றைப் பிய்த்து மோந்தார். "நான் தந்த மீன் எண்ணெய்தான். நீங்க எத்தின குடுத்த?"

"ஒண்டுதான் டொக்டர்."

"சாப்பாடு?"

"நீங்க சொன்ன அளவு."

ஜெனூபா பூனையின் மீசையைத் துடைத்தார். பஞ்சில் தயிரும் மஞ்சள் நிறத்தில் ஏதோ தூளும் ஒட்டின. "இந்த வீட்டில தயிர் ஆரு சாப்பிர்ற?"

"உம்மா மட்டும்தான்," என்றாள் நஸ்லின். "எனக்கு இப்ப அந்த மணமே ஆகாது. இவரும் தொடமாட்டார்."

ஜெனூபா திரும்பி, ஆயிஷா உம்மாவின் இன்னும் நடுங்கும் கையைப் பார்த்தார். "உம்மா, உங்களுக்கு நீரிழிவு, சீனி வருத்தம் இரிக்கிதானே? சோதிக்கிற மெஷினக் கொண்டாங்க. முதல்ல உங்கட விரலக் காட்டுங்க."

"எனக்கென்னத்துக்கு?"

"காட்டுங்க!"

மெஷினில் வந்த எண்ணைப் பார்த்ததும் ஜெனூபா கத்தினார். "சீனித் தண்ணி! கெதியா!"

பர்ஸான்தான் ஓடினான். கோப்பையை மாமியின் வாயருகே பிடித்தான். குடித்துவிட்டு அவர் பக்கத்துக் கட்டிலின் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். போனில் விளம்பரம் பார்த்து வாங்கிய, மனிதர் உடல் மெலியும் குளிசை.

"நேத்துத்தான் தொடங்கின. ஜில்லுவும் கெதியா இளைக்கட்டும் எண்டு ஒரு குளிசையில அரைவாசியத் தயிருல குழைச்சிக் குடுத்தன்," என்று அழுதார். "அது விழுந்ததும் பயத்தில இவர்ல பழியப் போட்டன்."

"இதில இரிக்கிற மஞ்சள் நிற மருந்து சீனிய இறக்கும், பூனைக்கு நஞ்சு," என்றார் ஜெனூபா. "உங்கட சீனிக் குளிசையோட சேர்ந்தா உங்களையும் விழுத்தும். பூனைக்குச் சாப்பாட்டக் குறைச்சாத்தான் உடம்பு குறையும், மத்ததெல்லாம் துணைக்குத்தான். எல்லாரும் போத்தலையும் மருமகனையும் பாத்தீங்க. உம்மாட கை நடுங்கினதக் கோபம் எண்டு நினைச்சீங்க."

ஆயிஷா உம்மாவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ வந்தது. ஜில்லுவின் ஈரல் தாங்குமா என்று நாளைதான் தெரியும் என்று சொல்லி ஜெனூபா அதைத் தன் வைத்திய நிலையத்துக்குத் தூக்கிப் போனார். பர்ஸான் மாமியைத் தாங்கிப் பிடித்து ஏற்றினான்.

"மகன்," என்றார் அவர், அவன் சட்டையைப் பற்றியபடி. "ஆசுப்பத்திரியில என்ன விட்டுட்டுப் போயிராதீங்க."

"போகமாட்டன் மாமி," என்றான் பர்ஸான். நஸ்லின் ஏறி அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.