பன்னிரண்டுக்கு அடிக்காத மணி

ஒரு கடற்கரை ஊரை முழுசாக ஓடவிட்டவன் நான்.

வேண்டுமென்றே அல்ல. பழம்பொரி தின்றுகொண்டிருந்தபோது.

செல்போன் அலறியது. தாழந்துறை பங்குத்தந்தை மத்தியாஸ்!

"ரிஜ்வான்! மணிக்கு என்னத்தடே செய்து வச்ச?"

"ஏன் ஃபாதர்? நல்லாத்தானே..."

"அஞ்சரைக்கு அடிக்கு! நேரமில்லாத நேரத்துல கோயில்மணி கேட்டா கடப்புறத்து ஆளுக என்னத்த நினைக்கும்? சுனாமின்னு பிள்ளைகளையும் தூக்கிட்டு ஊரே ஓடுது! உடனே வா!"

பழம்பொரி தொண்டையில் நின்றுவிட்டது.

சுனாமி வந்து பத்து வருஷம். கடற்கரைக்காரர்களின் காலுக்கு அது நேற்றுத்தான்.

புதுக்கடை சந்திப்பில் கேமரா, வைஃபை, மைக் எல்லாம் மாட்டிக் கொடுக்கும் கடை என்னுடையது. நான் கை வைக்காத இடம் குறைவு. கை வைத்த பிறகு ஒழுங்காக ஓடிய இடம் அதைவிடக் குறைவு.

தாழந்துறைக் கோயில் மணியை அடிப்பது ஒரு சின்னப் பெட்டி. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஏழு. நேரம் வந்தால் மோட்டார் சுற்றும், மணி ஆடும். அந்தப் பெட்டியின் கடிகாரம் அடிக்கடி பின்தங்கியது.

'இன்டர்நெட்டில் நேரம் கேட்டு அதுவே சரிபண்ணிக்கொள்ளும்படி வைத்துத் தருகிறேன்' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்று காலை போனேன். வைத்தேன். பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பினேன்.

பெட்டி கேட்டது. இன்டர்நெட்டும் சொன்னது... லண்டன் கணக்கில்!

'நாங்கள் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம்' என்று பெட்டிக்குச் சொல்ல ஒரே ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்ப மறந்துவிட்டேன்.

மதிய மணி, சாயங்காலம் அடித்தது.

*

கோயில் முற்றத்தில் பைக்கை நிறுத்தியதுமே ஒரு மீன்கூடை என் காலடியில் வந்து விழுந்தது. மீன் விற்கும் செசிலி அக்கா!

"ஏலே நாசமாப் போறவனே! ஓடுன ஓட்டத்துல என் சாளை பூரா மண்ணுல கொட்டிட்டு! எதுக்குலே அஞ்சரைக்கு மணி அடிச்ச?"

"நான் அடிக்கல்லக்கா... அதுவா..."

"அதுவா அடிச்சா, பொறவு நீ எதுக்குலே?"

நியாயமான கேள்வி.

ஃபாதர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"மணி மட்டுமில்ல மக்கா. நம்ம ஆபீஸ்ல வேலை பாக்க ஷெர்லிக்க மண்டையில மத்தியானம் பன்னெண்டுக்கு எவனோ அடிச்சுட்டான்..."

"யா அல்லா!"

"மணிக்கூண்டை ஒட்டித்தான் அவ வீடு. கூப்பாடு கேட்டு சனங்க ஓடி வாறதுக்குள்ள பின்மதில் சாடிட்டான். மொகத்தை யாரும் பாக்கல்ல."

"பிள்ளை பிழைச்சுக்குமா ஃபாதர்?"

"கர்த்தருக்குத் தெரியும்."

ஷெர்லி! காலையில் எனக்கு எலுமிச்சை பிழிந்து நாரங்கா வெள்ளம் கலக்கித் தந்தவள். 'இனி மணி நேரத்துக்கு அடிக்குமாண்ணே?' என்று சிரித்தவள்.

அந்தச் சிரிப்பு காதில் அடங்குவதற்குள் எதிரே ஒரு காக்கிச் சட்டை!

எஸ்.ஐ. ஞானசிங்.

"நீதான் மணிக்காரனா?"

"ஆமா ஸார்."

"மதியம் இங்க நின்ன வெளியாள் நீ ஒருத்தன்தான். தெரியுமா?"

"ஸார்! என்னையா சந்தேகப்படுதீங்க?"

"நீ என்ன நினைக்க?"

"நான் செய்யல்ல ஸார்!"

"செய்தவன் செய்தேன்னு சொல்லுவானாடே?"

கேள்விக்குக் கேள்வி!

"முதல்ல மணி சரியாகட்டு ஸார். ஏழுக்கும் அடிக்காட்டா சனங்களுக்கு இன்னும் பயமும் வெப்ராளமுமாயிரும்."

சொன்னவர் ஜெனின். விசைப்படகு முதலாளி. பங்குப்பேரவையில் பெரிய ஆள். ஷெர்லியைத் தன் காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவரும் அவர்தான்.

"நான் கூடவே ஏறுதேன் ஸார். இவன் எங்கயும் ஓடமாட்டான்."

என் தோளில் கை போட்டார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

ஆட்களைப் பற்றிய என் கணிப்பும் நான் வைக்கும் மணியும் ஒரே தரம்!

*

மணிக்கூண்டு அறை. சின்ன ஜன்னல். தலைக்கு மேலே மணி.

ஜெனின் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் 'க்ளிக்' என்றது.

லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்தேன்.

"ஒரு காரியம் கேக்கட்டா மக்கா?"

"கேளுங்கண்ணே."

"பன்னெண்டுக்கு அது ஏன் அடிக்கல்ல?"

"அதா... அஞ்சரை மணி வித்தியாசத்தை விட்டுட்டேன். அதுகொண்டு..."

விரல் நின்றது.

ஊரே என்னை ஏசியது... ஐந்தரைக்கு ஏன் அடித்தது என்று. ஃபாதர் கேட்டார். செசிலி கேட்டாள். பன்னிரண்டைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஷெர்லியின் கூப்பாட்டில் மணி நினைவு யாருக்கு வரும்?

அடித்த மணி எல்லோருக்கும் கேட்கும். அடிக்காத மணி...

அதற்காகக் காத்து நின்றவனுக்கு மட்டும்தான் கேட்கும்!

அந்த நேரத்திலும் வாயை மூடத் தெரிந்ததா எனக்கு?

"அண்ணே... மணிக்காகக் காத்துட்டா நின்னீங்க?"

ஜெனின் சிரித்தார். மூலையில் கிடந்த கம்பிப்பாரையை எடுத்தார்.

"நேரத்தைச் சரியாக்கு மக்கா."

"நீங்களாண்ணே ஷெர்லியை..."

"நேரத்தைச் சரியாக்கு."

இடது கை என் கழுத்தை வளைத்தது. இரும்புப் பிடி! மூச்சு பாதிதான் வந்தது.

"மணி அடிச்சா மேல எவன் கூப்பாடு போட்டாலும் கீழ கேக்காது. கேட்டியா? பொறவு, மணிக்காரன் படியில தவறி விழுந்துட்டான்னு நானே அழுதுட்டு எறங்குவேன்."

மதியமும் அதே திட்டம்தான்! கைக்கடிகாரத்தைப் பார்த்து, மணியை நம்பி அடித்திருக்கிறான். மணி அடிக்கவில்லை. அவள் அலறல் ஊருக்கே கேட்டுவிட்டது...

திரையில் அந்தக் கட்டம். ஐந்தரை மணியைத் தேர்ந்தெடுத்தேன். கீழே 'சேவ்' பட்டன். அழுத்தினால் பெட்டிக்கு நேரம் சரியாகும். ஏழு மணி அடிக்கும். என் அலறல் அதில் கரையும்.

என் தொழிலிலேயே முதல்முறை... வேலையைச் சரியாக முடித்தால் சாவேன்!

"ஆச்சா?"

"ஆ... ஆச்சுண்ணே."

பட்டனைத் தொடவில்லை. லேப்டாப்பின் மூலையில் ஓடிய அதன் சொந்தக் கடிகாரத்தைக் காட்டினேன். 6.59. நம்பிவிட்டான்!

கீழே கூட்டம் அடங்கியது. ஊரே மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

7.00!

ஜெனின் என் கழுத்தை விட்டான். பாரையை இரண்டு கையாலும் ஓங்கினான்.

மணி... அடிக்கவில்லை.

ஒரு கணம். ஒரே ஒரு கணம் அவன் தலை மேலே நிமிர்ந்தது.

"உம்மாஆஆஆ!"

நான் போட்ட சத்தம் தேங்காப்பட்டணம் வரை கேட்டிருக்கும். மேஜைக்கு அடியில் பாய்ந்தேன். பாரை இறங்கியது. லேப்டாப் இரண்டாகப் பிளந்தது!

படிகளில் தடதடவென்று கால்கள். கதவு உடைந்தது.

முதலில் வந்தது போலீஸ் அல்ல. செசிலி!

மீன்கூடை ஜெனினின் தலையில் கவிழ்ந்தது. கூடைக்குள் இருந்தவனை எஸ்.ஐ. அலுங்காமல் விலங்கு மாட்டி எடுத்துக்கொண்டார்.

*

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஷெர்லி கண் விழித்துவிட்டாள். சொன்ன முதல் பெயர் ஜெனின். அவனுடைய ஷெட்டில், ஊரில் களவுபோன வள்ளங்களின் எஞ்சின்களை அவள் பார்த்திருக்கிறாள். 'நாளைக்கு ஃபாதரிடம் சொல்வேன்' என்று அவனிடமே போய்ச் சொல்லியும் இருக்கிறாள். பாவம், அவள் அவ்வளவு நேர்மை!

"பிள்ளை பேசுதா ஃபாதர்? நல்லா பேசுதா?" என்று மூன்று தடவை கேட்டேன். கண்ணில் ஏதோ விழுந்தது. மீன்செதிலாகத்தான் இருக்கும்.

ஜீப் கிளம்பும்போது ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஸார்! ஒரு கேள்விக்காவது நேரே பதில் சொல்லணும். நிசமாவே நான்தான் செய்தேன்னு நினைச்சீங்களா?"

எஸ்.ஐ. ஞானசிங் என்னை மேலும் கீழும் பார்த்தார். முதல்முறையாகக் கேள்வி கேட்காமல் பேசினார்.

"இல்லடே. அடிச்சவன் கரெக்டா பன்னெண்டுக்கு அடிச்சிருக்கான். அந்தக் கரெக்ட் உனக்கு வராது!"