சுப்ரஜா சொன்ன அவுட்

கேம்ப் ரோடு சிக்னலில் மழைத்தண்ணீரோடு பச்சை டென்னிஸ் பந்துகள் உருண்டு வந்தன. ஒன்றா, இரண்டா... ஐம்பது இருக்கும்! சுப்ரஜா பதறிப்போய் பிரேக்கைப் பிடித்தாள். ஸ்கூட்டர் வழுக்க, ஒரு காலை ஊன்றி எப்படியோ நிறுத்தினாள்.

"ஹலோ! நடு ரோட்ல என்னங்க இது? விழுந்து மண்டை உடைஞ்சிருந்தா?"

"சாரி மேடம்... பை கிழிஞ்சிபூட்ச்சு. டயருக்குக் கீழ ஒண்ணு கீது... கொஞ்சம் வண்டிய நகத்துனீங்கன்னா..."

கிழிந்த பையை மார்போடு அணைத்தபடி நிமிர்ந்தவன் சிரித்தான். நனைந்த இமைகள்... பெரிய, சிரிக்கிற கண்கள்... பார்த்ததும் சுப்ரஜா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. சுத்தமான பயம்!

பிரிட்டோ! பம்மல் பிரிட்டோ!

ஓடிவிடலாம் என்றால் சிக்னல் விழவில்லை. அதற்குள் அவன் பந்துகளை அவள் வண்டியில் கால் வைக்கும் இடத்தில் கொட்ட ஆரம்பித்திருந்தான். "சேலையூர்ல தான் டென்னிஸ் கோர்ட்டு. எறக்கி வுட்டீங்கன்னா புண்ணியமாப் போவும்..."

அவனுக்கு அவளைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அன்று அவள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றாள். நுங்கம்பாக்கத்தில் ஆண்கள் சர்வதேச டென்னிஸ், 2017 ஜனவரி. பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்ல, கல்லூரியிலிருந்து வந்து லைன் அம்பயராக நின்ற பத்தொன்பது வயசுப் பெண். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில், கடைசிப் பந்துக்கு, "அவுட்!" என்று கத்தியவள் அவள்தான். பிரிட்டோ தோற்றான்.

அந்தப் பந்தை அவள் பார்க்கவே இல்லை.

கோர்ட்டில் பந்தை இறக்கிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். "ஒரு டீ குட்ச்சிட்டுப் போங்க" என்றான், நின்றாள். விதி யாரை விட்டது? கோர்ட்டை ஒட்டிய சின்ன அறையின் சுவர் முழுக்க ஒரு பெரிய அட்டை. அதில் அந்தப் போட்டி நடந்த வருடங்கள், ஜெயித்தவர்களின் பெயர்கள்... எல்லாம் அவன் கையெழுத்து.

"நம்மகிட்ட டென்னிஸ் கத்துக்குற பசங்களுக்கு எழுதி வெச்சேன். மொத வருசம் டெல்லி. அப்பால இருபத்தோரு வருசம் நம்ம நுங்கம்பாக்கம். அப்பால புனே. இப்ப அந்தப் போட்டியே கெடயாது."

"2017-க்குக் கீழ ஏன் சிவப்புக் கோடு?"

"அது நம்ம வருசம் மேடம். அந்தப் பந்து உள்ள வுழுந்துச்சு. லைன்ல நின்ன பொண்ணு அவுட்டுன்னுச்சு. அடுத்த வருசம் பாத்துக்கலாம் மச்சான்னானுங்கோ... அடுத்த வருசம் போட்டியே ஊர்ல இல்ல." அவன் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ண ஒரு தபா நேர்ல பாக்கணும்."

"பார்த்தா...?"

"தெர்ல."

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு அவள் வண்டிச் சாவியைத் தேடினாள்.

அதோடு விட்டாளா? அடுத்த சனிக்கிழமையும் போனாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனாள்! அவன் பேச்சில் 'மேடம்' போய் 'சுப்ரஜா' வந்தது. 'நீங்க' போய் 'நீ' வந்தது. அவன் பார்வை படும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்... கூடவே நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும். இப்போது கண்டுபிடித்துவிடுவானோ... இதோ இப்போது... வீட்டில் 'பிரிட்டோ' என்று பேர் சொல்ல வேண்டிய பயம் வேறு, வரிசையில் காத்துக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை வூட்டுக்கு வர்றியா? அம்மா உன்னப் பாக்கணும்னாங்க" என்றான் ஒருநாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் போகவில்லை. போன் எடுக்கவில்லை. மூன்று வாரம் கேம்ப் ரோட்டைத் தவிர்த்து, வேறு வழியில் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போனாள். சொன்னால் அவனை இழந்துவிடுவாள். சொல்லாமல் அந்த அம்மா கையால் சாப்பிட்டால் தொண்டையில் இறங்காது. சாப்பாடு செல்லவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை.

நான்காவது சனிக்கிழமை மழை விட்டதும் கோர்ட்டுக்கே போய் நின்றாள். அவன் தேங்கிய தண்ணீரை ஒரு கட்டையால் தள்ளிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தள்ளுகிற கட்டை அப்படியே நின்றது.

"பிரிட்டோ... அந்தப் பொண்ணு நான்தான்."

"எந்தப் பொண்ணு?"

"லைன்ல நின்னவ." அவள் கோர்ட்டின் வெள்ளைக் கோட்டைக் காட்டினாள். "உங்க எதிராளி குறுக்க வந்துட்டான். பந்து எனக்குத் தெரியல. தெரியலன்னா ரெண்டு கையாலயும் கண்ணை மறைச்சுக் காட்டணும், அதுதான் முறை. காட்டினா மறுநாள் சென்டர் கோர்ட்ல நிக்க விடமாட்டாங்களோன்னு பயந்து... அவுட்டுன்னு கத்திட்டேன். சேர்ல இருந்த மெயின் அம்பயரும் நான் சொன்னதையே எடுத்துக்கிட்டார்."

பிரிட்டோ கட்டையைக் கீழே போட்டான். வலைக் கம்பம் வரை நடந்தான். திரும்பி வந்தான். அவன் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"கோவம் வருது சுப்ரஜா. இல்லன்னு சொன்னா பொய்யி."

அவள் தலையாட்டினாள்.

"ஆனா நானும் ஒண்ணு சொல்லணும்... அந்தப் பந்த நானும் பாக்கல."

"என்ன சொல்றீங்க?"

"அடிக்க சொல்லோ பயத்துல கண்ண மூடிக்கினேன். உன் சத்தம் கேட்டுத் தான் தொறந்தேன். உள்ள வுழுந்துச்சுன்னு அம்மாகிட்ட சொன்னேன், பம்மலுக்கே சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே நெஜமாயிடுச்சு. தோத்தவனுக்குக் கவுரவத்த வுட்டா வேற இன்னா கீது?"

"அப்போ... அது உள்ளயா, வெளியயா?"

"தெரியாது. இனிமே யாருக்கும் தெரியாது." அவன் அவள் பக்கம் திரும்பினான். "மூணு வாரம் போன எடுக்கல நீ. வரவே மாட்டியோன்னு... மேட்ச் தோத்தப்பகூட அவ்ளோ பயப்படல."

சுப்ரஜாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எனக்கு இப்பவும் பயமா இருக்கு. நாளைக்கு இதை நினைச்சு என்னை வெறுத்துட்டா?"

"ஒரொரு நாள் திட்டுவேன்."

"திட்டுங்க. போன்னு மட்டும் சொல்லிடாதீங்க... உங்களை எனக்கு அவ்ளோ பிடிச்சிருக்கு."

பிரிட்டோ ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

"ம்மா... சுப்ரஜான்னு சொன்னேன் இல்ல? அன்னிக்கு லைன்ல நின்ன பொண்ணு அவ தாம்மா... ஆமா, அவளே தான்... நீ கத்தாத, மொதல்ல கேளு. நான் உன்கிட்ட சொன்னதுலயும் ஒரு பொய்யி கீது, வந்து சொல்றேன்." மூச்சை இழுத்துக்கொண்டான். "அவளத்தாம்மா கட்டிக்கப் போறேன்."